வாசலுக்கு ஒரு காவல் நாய்: முதன்முறை வளர்ப்போருக்குப் பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், திருட்டு நடந்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் அந்த வரிசையில் யாராவது ஒருவர் நாய்க்குட்டி தேடப் புறப்பட்டுவிடுவார். அவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: எந்தச் சாதி நாய் நன்றாகக் கடிக்கும்? 25 ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கேள்வியோடுதான் ஓர் அல்சேஷன் குட்டியை வாங்கி வந்தேன். பின்கட்டில், சமையலறைக்கு வெளியே, தூணில் சங்கிலி போட்டு வளர்த்தோம். அது பூனைக்குக் குரைத்தது, மழைக்குக் குரைத்தது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கும் குரைத்தது. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு முன்வாசல் பூட்டை அறுத்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோதும் குரைத்திருக்கிறது. எல்லா இரவும் குரைக்கிற நாய்தானே என்று நாங்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இது குரைத்தால் எழுந்துபோய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்று வீட்டார் நம்பும்படி இருக்கிற நாயே காவல் நாய். அந்த நம்பிக்கையைத் தரக்கூடிய ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த பின் முதல் சில மாதங்களில் என்ன செய்வது என்பதை, இதுவரை நாயே வளர்த்திராத ஒருவருக்குச் சொல்வது போல வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதற்படி: நாய்க்கு என்ன வேலை?

காவல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. புதியவர் ஒருவர் வாசலுக்கு வந்தால் குரல் கொடுப்பது முதல் வேலை. அந்தக் குரலாலும் உருவத்தாலும் அவரைத் தயங்க வைப்பது இரண்டாவது. உள்ளே நுழைந்தவரைக் கடித்துப் பிடித்து, உரிமையாளர் சொன்னதும் விடுவது மூன்றாவது. வரிசை வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு முதல் இரண்டும் போதும். மூன்றாவது வேலைக்கு அதற்கென்றே வளர்க்கப்பட்ட நாயும், ஆண்டுக்கணக்கான பயிற்சியும், அந்தப் பயிற்சியை நாள்தோறும் காப்பாற்றத் தெரிந்த ஆளும் வேண்டும். பயிற்சியில்லாமல் கடிக்கும் நாய்க்குத் திருடனும் கேஸ் தோம்பு (சிலிண்டர்) கொண்டுவருபவரும் ஒன்றுதான். தன் பொறுப்பில் உள்ள விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 289ஆவது பிரிவின்படி குற்றமாகும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பச்சை இறைச்சி கொடுத்தால் மூர்க்கம் வரும், மிளகாய் கலந்து கொடுத்தால் ரோஷம் ஏறும், யாரையும் பார்க்கவிடாமல் கட்டிவைத்தால் நன்றாகக் காவல் காக்கும் என்றெல்லாம் தோட்டத்து லயங்களிலிருந்து நம்மோடு வந்த நம்பிக்கைகள் இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. பச்சை இறைச்சியால் குணம் மாறுவதில்லை. மிளகாயால் வயிறு கெடும். கட்டிவைப்பதால் பயம் வளரும், பயந்த நாய் எல்லாவற்றுக்கும் குரைக்கும். என் அல்சேஷனுக்கு நடந்ததும் அதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று குட்டி வாங்கினால் இன்றிரவே காவல் தொடங்கிவிடாது. பெரிய இன நாய்களுக்கு மனமுதிர்ச்சி வர ஒன்றரை முதல் இரண்டு வயதாகும். அதுவரை அது குழந்தை, பிறகு சிறிது காலம் அடங்காத இளவட்டம். உடனடியாகக் காவல் தேவைப்படுகிறவர் பூட்டையும் விளக்கையும் சரிசெய்துவிட்டு, வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டையும் விதிகளையும் பாருங்கள்

அடுக்குமாடியில் இருப்பவர்கள் குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன் நிர்வாகக் குழுவின் விதிகளைப் படித்துவிட வேண்டும். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய விலங்கை வளர்க்கக் கூடாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளுக்குள் அதை அப்புறப்படுத்தியாக வேண்டும். குரைப்பதற்கென்றே ஒரு நாயை வாங்கி, குரைத்ததற்காகவே அதை மூன்று நாளில் வெளியேற்றும் நிலை யாருக்கும் வேண்டாம்.

தரை வீட்டுக்காரர்கள் மாநகர் மன்றத்தில் நாய் உரிமம் எடுக்க வேண்டும். வீட்டின் அளவுக்கு எத்தனை நாய், எந்த இனத்துக்குக் கூடுதல் நிபந்தனை, என்னென்ன ஆவணங்கள் என்பவற்றை முகப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையில் உரிமத் தகடு தொங்காத நாய், அதிகாரிகள் கண்ணுக்குத் தெருநாய்தான். 2015 செப்டம்பரில் பெர்லிஸ், கெடாவோடு பினாங்கிலும் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது தெருநாய்களைப் பிடித்து அழித்த அந்த வாரங்களை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனங்களைப் பொறுத்தவரை, கால்நடைச் சேவைத் துறை இறக்குமதிக்குத் தடை செய்தவற்றில் பிட்புல், அக்கிட்டா, ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகியவை அடங்கும். ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல்மாஸ்டிஃப், புல் டெரியர் ஆகியவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. ஆகவே "பிட்புல் கலப்பு, ஒன்றும் ஆகாது" என்று யாராவது குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நண்பகல் வெயிலில் தண்ணீரில்லாமல் சங்கிலியில் நிற்கும் காவல் நாயைப் படம் பிடித்துப் புகார் கொடுக்க இப்போது ஒரு கைப்பேசி போதும்.

அண்டை வீட்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய் வளர்ப்பில் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருந்தால், நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பொதுவேலி கம்பி வலையாக இருந்தால், நாய் மூக்கை நுழைக்காதபடி கீழ்ப்பகுதியைத் தகடு வைத்து மறையுங்கள். முன்கூடத்தைக் கழுவும் தண்ணீர் அவர்கள் பக்கம் ஓடாமல் நம் கால்வாயில் விழுகிறதா என்று பாருங்கள். குட்டி வருவதற்கு முன்பே ஒரு மாலையில் போய், "பக்சிக் (மாமா), நாய் ஒன்று வளர்க்கப் போகிறோம், தொந்தரவு இருந்தால் எங்களிடமே சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால், பின்னாளில் புகார், மாநகர் மன்றத்துக்குப் போவதற்கு முன் நம் வாசலுக்கு வரும்.

அடுத்தது தானியங்கி கேட். பினாங்கு வீடுகளில் நாய் தெருவுக்குப் பாய்ந்து ஆளைக் கடித்ததாகக் கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றில் மதில் ஏறிக் குதித்த நாய் இருப்பதில்லை. கார் உள்ளே நுழையும்போது முழுதும் திறந்து, மெதுவாக, மிக மெதுவாக மூடிக்கொள்ளும் கேட்தான் இருக்கிறது. அந்தச் சில நொடிகளில் எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிளில் போனால் போதும். ஆதலால் கேட்டுக்கும் நாய்க்கும் இடையில் இன்னொரு தடுப்பு இருக்க வேண்டும். காரை நிறுத்தும் இடத்தையும் நாய் உலவும் இடத்தையும் பிரிக்கும் இடுப்புயரக் கம்பிக் கதவாக அது இருக்கலாம், அல்லது நாய் வீட்டுக் கிரில்லுக்குள் சென்ற பிறகே ரிமோட்டை அழுத்துவது என்று குடும்பம் முழுவதும் கடைப்பிடிக்கும் வழக்கமாக இருக்கலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தங்கள் மறதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாய் எங்கே படுக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரவில் வீட்டுக் கிரில்லுக்குள், முன்கூடத்தையும் கூடத்தையும் கேட்கும்படி படுக்கும் நாய்க்கு வீட்டாரின் வழக்கமான ஓசைகள் தெரியும். அதனால் வழக்கத்துக்கு மாறான ஓசையும் தெரியும். பின்கட்டில் கட்டிய நாய்க்கு இரண்டும் தெரியாது. விஷம் தடவிய இறைச்சியை மதிலுக்கு மேலிருந்து வீசுகிறவனுக்கும் உள்ளே படுத்த நாய் எளிதில் எட்டாது. பூசையறை இருக்கிற வீட்டில் நாய் உள்ளே வரலாமா என்று பாட்டிமார் கேட்பது இயல்பு. பைரவருக்கு வாகனமே அதுதான் என்று வாதாடிப் பார்க்கலாம். நான் வாதாடித் தோற்றேன். பிறகு பூசையறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்றைப் பொருத்தினோம், பிரச்சினை அன்றோடு முடிந்தது.

மூன்றாம் படி: எந்த நாய்?

இனப் பெயர்களுக்குள் நுழைவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் நாயை நடத்திச் செல்லப் போகிறவர்களில் உடல்வலு குறைந்தவர் யார்? அவர் 50 கிலோ எடையுள்ள அம்மாவாக இருந்து, நாய் 45 கிலோ இருந்தால், எதிரே ஒரு பூனை ஓடும்போது யார் யாரை நடத்திச் செல்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

முதன்முறை வளர்ப்பவருக்கு நான் முதலில் சொல்வது நாட்டு நாயைத்தான். இங்கே தெருவில் பிறந்து காப்பகத்துக்கு வந்த, ஒன்றரை இரண்டு வயதான, 15 முதல் 20 கிலோ எடையுள்ள பெண் நாய். குட்டை மயிர் என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கும். காது கூர்மை. புதியவரைக் கண்டால் எட்ட நின்று குரைக்கும் குணம் இயற்கையாகவே உண்டு. குணம் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட வயது என்பதால், எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குகிறோம். ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் உள்ள விலங்கு வதைத் தடுப்புக் கழகத்தின் காப்பகத்திற்குப் போய்ப் பார்க்கலாம். "சாதி நாய் வாங்க வசதியில்லையா" என்று உறவினர் ஒருவர் கேட்பார். அவர் வீட்டு ஹஸ்கி குளிர்சாதன அறையை விட்டு வெளியே வருவதில்லை என்பதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், நாம் அல்சேஷன் என்று சொல்லிப் பழகியது, 1899இல் ஜெர்மனியில் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரியால் ஆட்டு மந்தை நாய்களிலிருந்து உருவாக்கப்பட்ட இனம். மந்தையின் எல்லையில் ஓயாமல் நடந்து காப்பது அதன் பிறவிக் குணம். வீட்டு மதிலோரம் அது நடந்துகொண்டே இருப்பதும் அதனால்தான். ஆண் 30 முதல் 40 கிலோ வரை, பெண் 22 முதல் 32 கிலோ வரை இருக்கும். கற்பதில் மிக விரைவு, ஆளோடு ஒட்டும், உருவமே பாதிக் காவல். சாதி நாய்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் புதியவருக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே பெரிய இனமும் இதுதான், ஆனால் நிபந்தனைகளோடு. நாள்தோறும் காலையும் மாலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது அதற்கு ஒதுக்க வேண்டும். இரட்டை அடுக்கு மயிர் என்பதால் வீடு முழுக்க உதிரும். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத பரம்பரைக் குறை இந்த இனத்தில் அதிகம், ஆகையால் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையைக் கேட்காமல் வாங்கக் கூடாது. முதுகு பின்பக்கம் சரிந்து, பின்கால் மடங்கித் தவழ்வது போல நடக்கும் நாயை அழகு என்று யாராவது காட்டினால், முதுகு நேராக உள்ள நாயின் குட்டியைத் தேடிப் போங்கள். அந்தக் குட்டி வளரும் காலத்தில் வழுக்கும் பளிங்குத் தரையில் ஓடவிடாமல், அது நடமாடும் இடத்தில் ரப்பர் பாய் விரியுங்கள்.

ராட்வைலர், ஜெர்மனியின் ராட்வைல் நகரத்து இறைச்சிக் கடைக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்தது. ஆண் 50 கிலோவைத் தொடும். நல்ல வளர்ப்பில் அமைதியானது, குடும்பத்தின் மேல் உயிரையே வைக்கும். ஆனால் அதன் எச்சரிக்கை மிகச் சுருக்கமானது. நாட்டு நாய் பத்து முறை குரைத்துச் சொல்வதை இது ஒரு முறை உறைந்து நின்று பார்த்துச் சொல்லிவிடும். அந்தப் பார்வையைப் படிக்கத் தெரியாத புதியவருக்கு முதல் நாயாக இது வேண்டாம்.

டாபர்மேன், அபோல்டா என்ற ஊரில் வரி தண்டுபவராக இருந்த லூயி டாபர்மேன் தன் பாதுகாப்புக்காக உருவாக்கியது. ஆளை விட்டுப் பிரியாது, மயிர் குட்டை, நம் வெயிலுக்கு ஓரளவு பொருந்தும். இதயத் தசை தளர்ந்து திடீரென்று இறக்கும் நோய் இந்த இனத்தை விடாமல் துரத்துகிறது. தனியாக விட்டால் பதற்றம் பிடிக்கும். காது இயற்கையில் தொங்கும். அறுத்து நிமிர்த்திய காதுதான் நாம் படங்களில் பார்ப்பது.

பாக்சருக்கு மூக்கு குட்டை, வெப்பத்தைத் தாங்காது. பெல்ஜியன் மாலினுவா இப்போது காவல்துறைப் படங்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் நாய். வேலை இல்லாத மாலினுவா சோபாவைத் தின்னும், பிறகு கதவைத் தின்னும். கேன் கோர்சோ, காங்கால் போன்ற மிகப் பெரிய நாய்கள் வேலிக்குள் பல ஏக்கர் உள்ளவர்களுக்கு.

ராஜபாளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப்பாசத்தால் அதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய் கம்பீரமானது, ஒருவரிடமே ஒட்டும், புதியவரை அருகில் விடாது. ஆனால் வெள்ளை மரபோடு சேர்ந்து காது கேளாமை சில குட்டிகளுக்கு வருகிறது. இந்தியாவிலிருந்து வருவதற்கு இறக்குமதி அனுமதி, தடுப்பூசிச் சான்று, தனிமைப்படுத்தல் என்று நீண்ட வழி இருக்கிறது. அடக்க அனுபவம் வேண்டிய நாயும்கூட. முதல் நாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சிறிய வீட்டுக்காரர்கள் மினியேச்சர் ஷ்னாவ்சர் போன்ற சிறிய நாயை ஒதுக்கிவிட வேண்டாம். ஏழெட்டுக் கிலோ நாயும் வாசலில் ஆள் நிற்பதைச் சொல்லிவிடும்.

நான்காம் படி: தாயைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சாதிக் குட்டி வாங்குவது என்று முடிவான பின், விற்பவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தாய் நாயை நேரில் பார்க்கலாமா? தாய் ஈப்போவில் இருக்கிறது, இப்போது வெளியாரைப் பார்க்காது, நீங்கள் வரவேண்டாம், பெட்ரோல் நிலையத்தில் வைத்துக் குட்டியைத் தருகிறேன் என்று பதில் வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியையும், ஒரே நேரத்தில் ஐந்தாறு இனங்கள் விற்பவரையும் தவிர்த்துவிடலாம்.

தாயைப் பார்க்கப் போனால் அவசரப்படாமல் அரை மணி நேரம் இருங்கள். நாம் கேட்டுக்கு வரும்போது தாய் குரைக்கட்டும், அது நல்லதுதான். உரிமையாளர் வந்து நம்மை உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்கார வைத்த பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கிறதா, கட்டிலுக்கு அடியில் ஒளிகிறதா, அல்லது வந்து முகர்ந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்ப் படுக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வகைத் தாயின் குட்டியைத்தான் வாங்க வேண்டும். அச்சமும் நிதானமும் பெருமளவு தாயிடமிருந்து இறங்குகின்றன, இரத்தத்தாலும் இறங்கும், பார்த்துப் பழகுவதாலும் இறங்கும்.

பிறகு குட்டிகள். கூட்டமாக விளையாடும்போது, இரண்டு முழம் தள்ளி, சாவிக் கொத்தைத் தரையில் போடுங்கள். எல்லாம் திடுக்கிடும். அடுத்த ஐந்தாறு நொடிகளைக் கவனியுங்கள். ஒன்று மூலைக்கு ஓடி அங்கேயே நடுங்கும். ஒன்று பாய்ந்து வந்து சாவியைக் கவ்வி, விடாமல் உதறும். ஒன்று நின்று பார்க்கும், காதை ஆட்டும், மெதுவாக வந்து சாவியை முகரும், பிறகு உங்கள் செருப்பு வாரைக் கடிக்கப் போகும். உங்களுக்கு அந்த மூன்றாவது. வந்தவர் மடியில் முதலில் ஏறிக்கொண்ட குட்டி "நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்று மனம் இளகுவது எல்லோருக்கும் நடக்கும். பெரும்பாலும் அது கூட்டத்திலேயே துணிச்சலான குட்டி, ஏழாவது மாதத்தில் உங்களைப் படுத்தி எடுக்கப் போவதும் அதுவே.

மலேசிய நாய் வளர்ப்போர் சங்கப் பதிவுச் சான்று இருந்தால், அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் மருத்துவர் கருவியை வைத்துப் படிக்கும் 15 இலக்க எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். சான்று பரம்பரையைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

காப்பகத்து நாயானால் இரண்டு வெவ்வேறு நாளில் போங்கள், ஒரு நாள் மழை நாளாக இருப்பது இன்னும் நல்லது. கூண்டை விட்டு வெளியே, கழுத்து வாரோடு சாலையோரம் நடத்திப் பாருங்கள். ஹெல்மட் போட்ட ஒருவரைக் கடக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுத் தட்டில் இருக்கும்போது பணியாளர் அருகில் போனால் உறுமுகிறதா என்று கேளுங்கள். மறைக்காமல் குறையைச் சொல்லும் பணியாளர் கிடைத்தால் அவர் சொல்லும் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆணா பெண்ணா என்றால், முதல் நாய் பெண்ணாக இருக்கட்டும். எடை குறைவு, பெரும்பாலும் வழிக்கு வருவதும் எளிது. கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும் என்பது தவறு. தெருவுக்கு ஓடுவதுதான் குறையும்.

ஐந்தாம் படி: செலவும் உடல்நலமும்

35 கிலோ நாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிராம் உலர்தீனி தின்னும். 15 கிலோ மூட்டை ஒரு மாதத்தைச் சற்றே தாண்டும். மிச்சமான குழம்புச் சோற்றைக் கொட்டி வளர்ப்பது நம் வழக்கம், ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும், வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். நெஞ்சு ஆழமான பெரிய இனங்களுக்கு வயிறு காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே ஒரே வேளையாகப் போடாமல் இரண்டு வேளையாகக் கொடுத்து, தின்றவுடன் ஓடவிடாதீர்கள். வயிறு விறைத்து, வாந்தி வருவது போல் குமட்டியும் ஒன்றும் வெளியே வராவிட்டால், அது நள்ளிரவானாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை இன்றே குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை தடுப்பூசி போட வேண்டும். பார்வோ வைரசும் டிஸ்டம்பரும் குட்டிகளைச் சில நாட்களிலேயே கொல்லும். எலி ஓடும் கால்வாய்களால் எலிக்காய்ச்சல் ஊசியும் தேவை. கொசு கடித்து இதயப் புழு வருவதால் மாதாமாதம் தடுப்பு மருந்து, உண்ணிக் காய்ச்சல் வராமலிருக்க உண்ணி மருந்து. மழை பெய்த இரவுகளில் கால்வாயிலிருந்து ஏறி வரும் தேரையை நாய் கவ்விவிட்டால் வாயில் நுரை தள்ளும். குழாய்த் தண்ணீரை வாயின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கம் பாயவிட்டுக் கழுவியபடியே மருத்துவரிடம் புறப்பட ஏற்பாடு செய்யுங்கள். நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். நடை காலை எட்டுக்கு முன், மாலை ஏழுக்குப் பின்.

ஆறாம் படி: முதல் சில மாதங்கள்

மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரைதான் குட்டியின் மனக்கதவு அகலத் திறந்திருக்கும் காலம். அப்போது பார்த்துப் பழகியவை அதற்கு இயல்பானவை, பார்க்காதவை பின்னாளில் சந்தேகத்துக்கு உரியவை. ஆனால் அந்த வாரங்களில் தடுப்பூசியும் முடிந்திருக்காது. ஆகவே தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டோ, காரின் பின்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டோ, ஜெலுத்தோங் பாசார் (சந்தை) எதிரே அரை மணி நேரம் உட்காருங்கள். குடை, ஹெல்மட், மழைக்கோட்டு, தூடோங் (முக்காடு) அணிந்த பெண்கள், வேட்டி, தாடி, சக்கர நாற்காலி, ஐஸ்கிரீம் மணி என எல்லாம் அங்கே வரும். இந்தியர் மட்டுமே வந்துபோகும் வீட்டில் வளர்ந்த நாய், மற்றவர்களைக் கண்டால் மட்டும் குரைக்கும் என்பதை இங்கே பல வீடுகளில் பார்க்கலாம். அது காவல் அறிவினால் வருவதில்லை, அந்த முகங்களை அது குட்டியில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நல்லவர்கள் நூறு பேரைப் பார்த்த நாய்க்கே நூற்றோராவது ஆளிடம் ஏதோ சரியில்லை என்று தெரியும்.

சொற்களை முதல் நாளே ஒருமைப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் மகன் "சிட்" என்பான், அம்மா "உட்காரு" என்பார், வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண் "டுடுக்" என்பார். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருக்கும். குளிர்பெட்டியில், மருத்துவர் எண்ணுக்குக் கீழே, ஐந்து சொற்களை எழுதி ஒட்டினோம். அடித்துப் பழக்க வேண்டாம். அடிபட்ட நாய் கைக்குப் பயப்படும், பயந்த நாயைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அந்த ஐந்து சொற்களில் காவலுக்கு மிகவும் தேவையானது "போதும்". கேட்டில் ஆள் வந்து நாய் குரைக்கும்போது உள்ளிருந்து கத்தாதீர்கள். நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். மூன்று நான்கு முறை குரைக்க விடுங்கள். எழுந்து போய், அதன் பக்கத்தில் நின்று, யார் என்று நீங்களும் எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் "போதும்" என்று ஒரே முறை சொல்லி, அதன் மூக்கருகே ஒரு துண்டுக் கோழி இறைச்சியைக் காட்டி உள்ளே அழைத்து வாருங்கள். முதல் இரண்டு வாரம் இறைச்சிக்காக வரும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் குரைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். பூனைக்கும் மழைக்கும் அப்படி எழுந்து போகாதீர்கள். அவற்றைப் பொருட்படுத்தாமல் இருங்கள், அதுவும் விட்டுவிடும்.

வெடி முழங்கும் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரவும் தீபாவளி இரவும் பினாங்கு நாய்களுக்குச் சோதனை. அன்று மாலையே நன்றாக நடத்திச் சென்று, உள்ளறையில் சன்னலைச் சாத்தி, விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, யாராவது ஒருவர் கூடவே இருங்கள். கேட் பூட்டியிருக்கிறதா, தகடு கழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வெடிச்சத்தத்தில் ஓடிய நாய் வீடு திரும்ப வழி தெரியாமல் போகும்.

வாசலில் எச்சரிக்கைப் பலகையை மலாயிலும் எழுதுங்கள், "அவாஸ் அஞ்சிங்" (நாய் ஜாக்கிரதை) என்று பெரிதாக. பொட்டலம் கொண்டுவருபவர்கள் கையை உள்ளே நீட்ட வேண்டாதபடி கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டி வையுங்கள். இன்னும் ஒன்று: ஓராண்டு கழித்து, நாய் உண்மையிலேயே காவல் காக்கிறதா என்று பார்க்க, மைத்துனரை இரவில் முகத்தை மூடிக்கொண்டு மதில் ஏறச் சொல்லும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. நாய் கடித்தால் மைத்துனருக்குத் தையல் போட வேண்டிவரும். கடிக்காமல் வாலாட்டினால், மதில் ஏறி வருகிறவர் மாமாவாகவும் இருக்கலாம் என்று அன்றோடு கற்றுக்கொள்ளும். என் இரண்டாவது நாயை, நாட்டு நாய், பெயர் மணி, நான் அப்படிச் சோதித்ததில்லை. ஒரு மழையிரவில் கூடத்தில் படுத்திருந்தது தலையைத் தூக்கி, குரைக்காமல், முன்கிரில்லைப் பார்த்து உறுமியது. அது அப்படி உறுமி நாங்கள் கேட்டதே இல்லை என்பதால் நாலு பேரும் எழுந்து விளக்கைப் போட்டோம். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று உயிர்பெற்றுப் போனது.